உளவு மென்பொருளுக்கு எதிராக எந்தக் காவல்: சிறு அலுவலகங்களுக்கான ஓர் ஒப்பீடு

பத்துப் பதினைந்து கணினிகள் உள்ள ஓர் ஆடிட்டர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். டேலியில் பல நிறுவனங்களின் கணக்குகள், வருமான வரித் தளத்துக்கும் ஜிஎஸ்டி தளத்துக்கும் வாடிக்கையாளர்கள் கொடுத்துவைத்த பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் வரிசையாக எழுதப்பட்ட ஓர் எக்செல் தாள், மேசை இழுப்பறையில் பெயர் எழுதி ஒட்டிய டிஎஸ்சி (மின்கையொப்ப) டோக்கன்கள், பான், ஆதார் நகல்கள், வங்கி ஸ்டேட்மெண்டுகள். பலருடைய வரவு செலவு முழுவதும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் இத்தகைய அலுவலகத்தில் கணினிக்கென்று தனி ஆள் பெரும்பாலும் இருப்பதில்லை. ஏஎம்சி எனப்படும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருக்கும் சர்வீஸ்காரர் கூப்பிட்டால் வருவார். மற்ற நாள்களில் கொஞ்சம் விவரம் தெரிந்த ஓர் ஆர்டிகிள் மாணவரே எல்லாம். இக்கணினிகளை உளவு மென்பொருளிலிருந்து காக்க எதை வாங்குவது என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள். மருந்து மொத்த வியாபாரி, பள்ளி அலுவலகம், சிறு ஏற்றுமதி நிறுவனம் ஆகியவற்றுக்கும் இதே கணக்குச் சிறு மாற்றங்களுடன் பொருந்தும்.

உளவு மென்பொருள் என்றதும் 2021இல் செய்திகளை நிறைத்த பெகாசஸ் பலருக்கு நினைவுக்கு வரலாம். அரசுகள் பெரும் விலை கொடுத்து வாங்கிக் குறிப்பிட்ட சிலரின் கைபேசிகளில் ஏவும் கருவி அது. அலுவலகக் கணினிகளைத் தேடி வருவது வேறொரு வகை. இன்ஃபோஸ்டீலர் எனப்படும் இந்த வகை, மாத வாடகைக்குக் கள்ளச்சந்தையில் கிடைக்கிறது. யாருடைய கணினி என்று பாராமல் அகப்பட்டதையெல்லாம் அள்ளிச் செல்கிறது. ரெட்லைன், லூமா ஆகியவை இதில் பேர்போனவை. 2024 அக்டோபரில் நெதர்லாந்துக் காவல்துறையும் அமெரிக்காவின் எஃப்பிஐயும் பிற நாட்டு அமைப்புகளும் சேர்ந்து ரெட்லைனின் சர்வர்களை முடக்கின. 2025 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நீதிமன்ற ஆணை பெற்று, லூமா பயன்படுத்திய ஏறத்தாழ 2,300 இணைய முகவரிகளைக் கைப்பற்றவும் முடக்கவும் வழிசெய்தது. அதற்கு முந்தைய 2 மாதங்களில் மட்டும் உலகெங்கும் 3,94,000க்கு மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் அதைக் கண்டதாகவும் தெரிவித்தது.

இந்த வகை மென்பொருள் செயல்படும் விதத்தை அறிந்துகொண்டால்தான் ஒப்பீடு பொருளுடையதாகும். பழைய கீலாக்கர் மாதக்கணக்கில் கணினியில் தங்கி, தட்டும் எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டிருக்கும். இன்ஃபோஸ்டீலருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. இயக்கப்பட்ட சில நிமிடங்களுக்குள் குரோம், எட்ஜ் ஆகியவற்றில் சேமித்த கடவுச்சொற்களையும், ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதற்கு அடையாளமான குக்கிகளையும், டெஸ்க்டாப்பில் கிடக்கும் கோப்புகளையும் சுருட்டி அனுப்பிவிட்டுப் பல வேளைகளில் தன்னையே அழித்துக்கொள்கிறது. மறுநாள் முழு ஸ்கேன் ஓட்டினால் எதுவும் இல்லை என்றே விடை வரும். உண்மையிலும் அங்கே எதுவும் இராது. குக்கி பறிபோய்விட்டால் கைபேசிக்கு வரும் ஓடிபி கூட அந்த மின்னஞ்சல் கணக்கைக் காப்பாற்றாமல் போகலாம், ஏனெனில் திருடியவர் உள்நுழையவே வேண்டியதில்லை, உள்ளே இருப்பவராகவே நடிக்கலாம். 2024இல் ஸ்னோஃப்ளேக் என்ற தரவுச் சேவையின் ஏறத்தாழ 165 வாடிக்கையாளர் நிறுவனங்கள் பாதிப்புக்கு உள்ளாகியிருக்கக்கூடும் என்று எச்சரிக்கப்பட்டன. அதற்குப் பயன்பட்டவை இன்ஃபோஸ்டீலர்கள் திருடிய கடவுச்சொற்களே, அவற்றுள் சில 2020லேயே திருடப்பட்டவை. திருட்டுக்கும் அதன் விளைவுக்கும் இடையே ஆண்டுகள் கடக்கலாம் என்பதால், எங்கள் அலுவலகத்தில் இதுவரை எதுவும் நடக்கவில்லை என்ற சொல்லுக்கு மதிப்பு குறைவு.

ஆகவே முதல் அளவுகோல் தெளிவாகிறது: இயங்குமுன் தடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை ஸ்கேன் செய்யும் கருவிகளெல்லாம் இந்த அளவில் பின்தங்கிவிடுகின்றன. 2000களின் தொடக்கத்தில் ஆன்டிவைரஸோடு சேர்த்து ஸ்பைபாட், ஆட்-அவேர் என்று தனியாக ஓர் உளவு நீக்கியை நிறுவும் பழக்கம் இருந்தது. இன்று அந்தப் பிரிவினை மறைந்துவிட்டது. மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பை இன்னும் பல சர்வீஸ்காரர்கள் பென் டிரைவில் வைத்திருக்கிறார்கள். சந்தேகம் எழுந்த கணினியில் இரண்டாவது கருத்துக் கேட்க அது பயன்படும். ஆனால் நிரல் இயங்க முயலும்போதே தடுக்கும் நேரலைப் பாதுகாப்பு அதில் கிடையாது, உரிமமும் வீட்டுப் பயன்பாட்டுக்கே உரியது. அலுவலகங்களுக்கென்று அந்நிறுவனம் த்ரெட்டவுன் என்ற பெயரில் தனிப் பொருள்களை விற்கிறது.

கண்டுபிடிக்கும் திறன் என்று பார்த்தால், முன்னணிப் பொருள்களுக்கிடையே இன்று பெரிய வேறுபாடு இல்லை. ஜெர்மனியில் மாக்டபர்க் நகரிலுள்ள ஏவி-டெஸ்ட் நிறுவனம் பாதுகாப்பு, வேகம், இடையூறின்மை என்ற மூன்றுக்கும் தலா 6 என மொத்தம் 18 மதிப்பெண் வழங்குகிறது. ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் ஏவி-கம்பேரடிவ்ஸ் இதே பணியைச் செய்கிறது. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் அண்மை ஆண்டுகளில் ஏவி-டெஸ்ட்டின் பல சுற்றுகளில் முழு மதிப்பெண்ணோ அதற்கு மிக அருகிலோ பெற்றிருக்கிறது. சென்னையின் கே7, புனேயின் செக்ரைட் ஆகியவையும் இத்தகைய சோதனைகளில் பங்கேற்கின்றன. 17.5 வாங்கியதைவிட 18 வாங்கியது சிறந்தது என்று இதிலிருந்து முடிவுகட்டுவது, பத்தாம் வகுப்பில் 497 எடுத்தவரைவிட 499 எடுத்தவர் நல்ல ஆடிட்டர் ஆவார் என்று முடிவுகட்டுவதைப் போன்றது. சோதனைக்கூடத்தில் யாரும் ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு, உரிமம் இல்லாமல் ஓடும்படி திருத்திய கிராக் மென்பொருளை நிறுவுவதில்லை. அலுவலகத்தில் அது நடக்கிறது. மதிப்பெண்ணைத் தகுதிச் சுற்றாக மட்டும் வைத்துக்கொண்டு, எச்சரிக்கை எழும்போது அதை யார் பார்ப்பார், யாரால் அதை அணைக்க முடியும் என்ற இரண்டு கேள்விகளை முன்னே வைக்க வேண்டும் என்பது என் கருத்து. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இவ்விரண்டையும் சுற்றியே செல்கிறது.

விலையின்றிக் கிடைப்பது: விண்டோஸின் சொந்த டிஃபெண்டர்

இன்று எல்லாத் தீநிரல்களையும் பார்க்கும் டிஃபெண்டர், பிறப்பால் ஓர் உளவுத் தடுப்புக் கருவி. 2004 டிசம்பரில் ஜயன்ட் கம்பெனி சாஃப்ட்வேர் என்ற நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அதன் ஸ்பைவேர் தடுப்பு மென்பொருள்தான் 2006இல் விண்டோஸ் டிஃபெண்டர் ஆயிற்று. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது அது முழு ஆன்டிவைரஸாக வளர்ந்தது. ஐந்து கணினிகளுக்குள் உள்ள ஓர் அலுவலகத்துக்கு இதுவே போதும் என்று தயங்காமல் சொல்லலாம், ஆனால் வந்தபடியே விட்டுவைக்கலாகாது.

முதலில் பார்க்க வேண்டிய இடம் விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் தடுப்பு அமைப்புகளின் அடியில் இருக்கும் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியல். ஸ்கேன் செய்ய வேண்டாம் என்று விலக்கப்பட்ட கோப்புறைகள் அங்கே இருக்கும். டேலியின் டேட்டா கோப்புறையை வேகத்துக்காக யாரேனும் சேர்த்திருந்தால் அது புரிந்துகொள்ளக்கூடியது. டவுன்லோட்ஸ் கோப்புறையோ சி டிரைவ் முழுவதுமோ அப்பட்டியலில் இருந்தால், எப்போதோ ஒரு கிராக் மென்பொருள் நிறுவப்பட்டது என்று பொருள். ஆன்டிவைரஸை அணைத்து, கோப்புறையை விலக்கி, பிறகு இயக்கவும் என்பதே அவற்றுடன் வரும் வழிகாட்டுதல். விண்டோஸை இலவசமாக ஆக்டிவேட் செய்வதாகச் சொல்லும் கேஎம்எஸ்பிகோவின் போலி நிறுவிகள் கிரிப்ட்பாட் என்ற இன்ஃபோஸ்டீலரைச் சுமந்து வந்தது 2021 டிசம்பரில் அம்பலமானது. இத்தகைய கணினியில் எந்த விலையுயர்ந்த மென்பொருளைப் போட்டாலும் பயன் சிறிது. முதலில் கிராக்கை நீக்கி, விண்டோஸைப் புதிதாக நிறுவ வேண்டும்.

அடுத்து, தேவையற்ற செயலிகளைத் தடுக்கும் அமைப்பு இயக்கத்தில் உள்ளதா, பாதுகாப்பை வேறு நிரல்கள் அணைத்துவிடாமல் காக்கும் டேம்பர் புரொடெக்‌ஷன் இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ப்ரோ பதிப்பு இருந்தால் தாக்குதல் பரப்பைக் குறைக்கும் விதிகள் எனப்படும் ஏஎஸ்ஆர் விதிகளை இயக்கலாம். வேர்டு, எக்செல் ஆகியவை வேறு நிரல்களைத் தொடங்குவதைத் தடுப்பது ஒரு விதி. பென் டிரைவிலிருந்து நம்பகமற்ற நிரல்கள் இயங்குவதைத் தடுப்பது இன்னொன்று. ஆடிட்டர் அலுவலகங்களில் பழைய மேக்ரோ எக்செல்கள் பல இருக்கும் என்பதால், முதலில் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் நிலையில் சில வாரம் ஓடவிட்டு, எவை இடறுகின்றன என்று கண்டபின் தடுப்பைத் தொடங்குவது நலம். ஊழியர்களின் கணக்குகளை அட்மின் உரிமையில்லாத சாதாரணக் கணக்குகளாக மாற்றுவது இவை எல்லாவற்றினும் மேலான பலன் தரும். அதற்குச் செலவும் இல்லை.

இந்த வழியின் குறை, கணினிகளின் எண்ணிக்கை கூடும்போது வெளிப்படுகிறது. எச்சரிக்கை அந்தந்தக் கணினியின் மூலையில் எழுந்து, அந்தந்த ஊழியர் அதை மூடிவிட்டு வேலையைத் தொடர்வதோடு மறைந்துவிடும். கணக்காளர் ஒருவரின் கணினியில் மூன்று முறை ஒரே தீநிரல் தடுக்கப்பட்டது என்ற செய்தி உரிமையாளருக்கு எட்டவே எட்டாது. மற்றொன்றும் உண்டு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதில் டிஃபெண்டர் தீநிரல்களை இனங்காண உதவும் அடையாளக் கோப்புகள் 2028 அக்டோபர் வரை புதுப்பிக்கப்படும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருப்பதைக் காட்டி, இன்னும் பயமில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இயங்குதளத்தின் ஓட்டைகளை அடையாளக் கோப்பு அடைப்பதில்லை. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகள் இருந்தால், ஆன்டிவைரஸுக்கு ஒதுக்கிய தொகையை அவற்றை மாற்றுவதில் செலவிடுவதே அறிவுடைமை.

கடையில் கிடைக்கும் பெட்டிகள்

தமிழ்நாட்டுச் சிறு அலுவலகங்களில் நான் மிகுதியாகக் காண்பது இதைத்தான்: கணினி வாங்கிய கடையிலேயே ஒரு யூசர், மூன்று யூசர் என்று பெட்டியிலோ அட்டையிலோ வாங்கிய ஆன்டிவைரஸ், கணினிக்கு ஒன்றாக, வெவ்வேறு மாதங்களில் காலாவதியாகும்படி. இந்த ஒப்பீட்டில் கடைசி இடம் இதற்கே. கண்டறியும் இயந்திரம் ஏறத்தாழ அதே நிறுவனத்தின் அலுவலகப் பதிப்பில் உள்ளதுதான் என்பதால் பொருளில் குற்றமில்லை. பணம் கொடுத்தும் டிஃபெண்டரில் கண்ட அதே குறை நீங்காமல் நிற்கிறது. மேலும், உரிமம் முடிந்த கணினி எது என்பதே யாருக்கும் தெரிவதில்லை. வீட்டுப் பதிப்பை அலுவலகத்தில் பயன்படுத்துவது பல நிறுவனங்களின் உரிம விதிக்கும் மாறானது. இதைப் பற்றி இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

இந்திய நிறுவனங்களின் அலுவலகப் பதிப்புகள்

1991இல் சென்னையில் தொடங்கப்பட்ட கே7 கம்ப்யூட்டிங், எண்ட்பாயிண்ட் செக்யூரிட்டி என்ற பெயரில் அலுவலகங்களுக்கான பொருளை விற்கிறது. புனேயின் குவிக் ஹீல் நிறுவனம் தன் அலுவலகப் பொருள்களைச் செக்ரைட் என்ற பெயரில் தருகிறது. இரண்டிலும் எல்லாக் கணினிகளையும் ஒரே திரையில் காட்டும் கன்சோல் உண்டு. அதை அலுவலகத்துக்குள்ளேயே ஒரு கணினியில் நிறுவலாம், அல்லது நிறுவனத்தின் கிளவுடில் வைத்துக்கொள்ளலாம். கணினிக்கெனத் தனி ஆள் இல்லாத அலுவலகம் கிளவுடைத் தேர்வதே நல்லது. உள்ளே நிறுவிய கன்சோல், மின்வெட்டில் அணைந்த நாளுக்குப் பிறகு யாராலும் திறக்கப்படாமல் கிடக்கும் வாய்ப்பு மிகுதி.

இப்பதிப்புகளில் பணத்துக்கு உண்மையான மதிப்பு தருபவை மூன்று வசதிகள். நீக்குவதற்கும் அணைப்பதற்கும் கடவுச்சொல் கேட்பது முதலாவது. கிராக் நிறுவ முயலும் ஊழியரை அங்கேயே நிறுத்துவது இதுதான். பென் டிரைவ்களைக் கட்டுப்படுத்துவது இரண்டாவது: டிஎஸ்சி டோக்கனை அனுமதித்து, சேமிப்புக் கருவிகளைத் தடுக்கலாம், அல்லது அலுவலகத்துக்குச் சொந்தமானவற்றை மட்டும் அனுமதிக்கலாம். மூன்றாவதான செயலிக் கட்டுப்பாடு, உளவு என்ற கோணத்தில் மிக முக்கியமானது என்று நான் கருதுகிறேன். டேலி சப்போர்ட்டுக்கு, பிரிண்டர் சரிசெய்ய, வங்கி மென்பொருளுக்கு என்று ஒவ்வொருவர் கேட்கும்போதும் எனிடெஸ்க், அல்ட்ராவியூவர் போன்ற தொலை அணுகல் செயலிகள் கணினியில் ஏறுகின்றன. வேலை முடிந்ததும் அவை நீக்கப்படுவதில்லை. சிலவற்றில் ஆள் இல்லாதபோதும் நுழையும் கடவுச்சொல் அமைக்கப்பட்டிருக்கும். முறையான மென்பொருள் என்பதால் ஆன்டிவைரஸ் இவற்றைப் பார்த்தும் பேசாமல் இருக்கும். ஆனால் அந்தக் கடவுச்சொல் தெரிந்த எவரும் திரையைப் பார்க்கலாம், கோப்பை எடுக்கலாம். உளவு மென்பொருள் செய்வதும் அதையே. கன்சோலிலிருந்து இவற்றை ஒட்டுமொத்தமாகத் தடுத்து, தேவைப்படும் மணிநேரத்துக்கு மட்டும் திறந்துவிட முடிந்தால், அந்த ஒரு வசதிக்காகவே வாங்கலாம்.

இந்நிறுவனங்களுக்கு இன்னொரு பலம் உண்டு. மாதத்தின் 20ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யும் நேரத்தில், டிஎஸ்சி கையொப்பமிடும் எம்சைனர் திடீரென்று சர்வருடன் இணைய முடியவில்லை, மறுபடி தொடங்கவும் என்று சொல்லி நின்றுவிடும். அது அந்தக் கணினிக்குள்ளேயே ஒரு சிறு சர்வராக இயங்கி உலாவியுடன் பேசும் நிரல். மறைகுறியாக்கிய இணையப் போக்குவரத்தை இடையில் திறந்து சோதிக்கும் ஆன்டிவைரஸ் அந்தப் பேச்சைக் குலைத்துவிடக்கூடும். எம்சைனர் என்றால் என்ன என்று விளக்க வேண்டிய அவசியமின்றித் தமிழில் பேசித் தீர்க்கக்கூடிய ஆள் தொலைபேசியில் இருப்பது, அந்த வேளையில் எந்த மதிப்பெண்ணைவிடவும் பெரிது. கே7 சென்னை நிறுவனம் என்பது இங்கே பற்றினால் சொல்லப்படுவதன்று. இந்திய வரி மென்பொருள்களோடு பழகிய சப்போர்ட் என்பதே அதன் பொருள். ஆயினும் சப்போர்ட்டின் தரம் நிறுவனத்தைவிட டீலரைப் பொறுத்தது. வாங்குவதற்கு முன் டீலரை ஒரு சனிக்கிழமை மாலை அழைத்துப் பார்ப்பது நல்ல சோதனை.

மைக்ரோசாஃப்டின் கட்டணப் பதிப்பு

டிஃபெண்டர் ஃபார் பிசினஸ் என்ற பெயரில் 300 பயனர்கள் வரையுள்ள நிறுவனங்களுக்காக 2022இல் வந்த சேவை, விண்டோஸில் ஏற்கெனவே உள்ள டிஃபெண்டருக்கு மேலே ஒரு கிளவுட் கன்சோலையும் நடத்தையைக் கண்காணிக்கும் அடுக்கையும் சேர்க்கிறது. அறிமுகப் பட்டியல் விலை ஒரு பயனருக்கு மாதம் 3 டாலர். ஒரு பயனர் ஐந்து கருவிகள் வரை சேர்க்கலாம். மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியத்தில் இது உள்ளடங்கியே வருகிறது. மின்னஞ்சலுக்கும் எக்செலுக்குமாக ஏற்கெனவே மாதச்சந்தா கட்டும் அலுவலகத்துக்கு, வேறு எதையும் நிறுவாமல் பிரீமியத்துக்கு உயர்த்திக்கொள்வது இயல்பான வழி. புதிய மென்பொருள் ஏறாததால் கணினி மெதுவாகும் என்ற புகாரும் எழாது. 4 ஜிபி ராம் வைத்துக்கொண்டு டேலி, குரோம் இரண்டையும் ஓட்டும் கணினிகளில் இது சிறிய நன்மையன்று.

உளவுக்கு எதிராக இதன் தனிச்சிறப்பு, நடந்ததைக் கதையாகக் காட்டுவது. ஓர் உதாரணம்: ‘நான் ரோபோ அல்ல’ என்ற போலிச் சோதனையைக் காட்டும் இணையப் பக்கம், விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, கண்ட்ரோல்-வி கொடுத்து, என்டர் தட்டுமாறு சொல்கிறது. பயனர் அப்படியே செய்ய, பக்கம் முன்னரே கிளிப்போர்டில் நகலெடுத்து வைத்த கட்டளை அவர் கையாலேயே இயங்கி, லூமா போன்ற ஒன்றை இறக்குகிறது. கிளிக்ஃபிக்ஸ் எனப்படும் இம்முறையில் இணைப்புக் கோப்பு எதுவும் வராததால், கோப்பைப் பார்த்துத் தடுக்கும் காவல் ஏமாறக்கூடும். நடத்தையைப் பார்க்கும் கன்சோல், ரன் பெட்டியிலிருந்து பவர்ஷெல் என்ற கட்டளை நிரல் தொடங்கியது, அது இன்ன முகவரியோடு பேசியது, உலாவியின் கடவுச்சொல் கோப்பைத் தொட்டது என்று வரிசையாகக் காட்டும். எந்தக் கடவுச்சொற்களை உடனே மாற்ற வேண்டும், எந்தக் கணக்குகளிலிருந்து எல்லாக் கருவிகளையும் வெளியேற்ற வேண்டும் என்பதை அதிலிருந்தே முடிவு செய்ய முடியும்.

இடர்ப்பாடுகளும் உண்டு. விண்டோஸின் ஹோம் பதிப்பை இச்சேவை ஏற்பதில்லை. தள்ளுபடியில் வாங்கிய மடிக்கணினிகள் பெரும்பாலும் ஹோம் பதிப்போடு வருவதால், ப்ரோவுக்கு மாற்றும் செலவை முதலிலேயே கூட்டிக்கொள்ள வேண்டும். டேலி டேட்டா விண்டோஸ் சர்வரில் இருந்தால் அதற்குத் தனி உரிமம் வேண்டும். கன்சோலோ அதற்கென்று படித்த ஒருவரை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. எங்கே எது இருக்கிறது என்று பழகவே நாளாகும். ஏஎம்சி பார்ப்பவர் இதை அறிந்தவரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் சந்தா கட்டினால், யாரும் திறக்காத மற்றொரு திரை கூடியதே மிச்சமாகும்.

பெரிய பெயர்கள்

கிரவுட்ஸ்ட்ரைக், சென்டினல்ஒன் போன்றவை தொழில்நுட்பத்தில் உயர்ந்தவை. ஆனால் இவற்றை வாங்கும் அலுவலகம், இரவு பகலாக எச்சரிக்கைகளைப் பார்க்கும் சேவையையும் சேர்த்து வாங்க வேண்டும், இல்லையேல் விலையில் பாதி வீண். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதைக் காட்டி இப்பொருளை இகழ்வது சரியன்று. ஆனால் அன்று பெரும்பாலான கணினிகளை மீட்க ஒவ்வொன்றின் முன்னும் ஓர் ஆள் உட்கார வேண்டியிருந்தது என்பதை, ஆள் இல்லாத அலுவலகம் நினைவில் கொள்ள வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்களின் கணக்குகளை எழுதித் தரும் அலுவலகமாக இருந்து, ஒப்பந்தமே இத்தகைய பாதுகாப்பைக் கேட்டால் மட்டும் இந்தப் பக்கம் செல்லலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட பிட்டிஃபெண்டர், ஈசெட், சோஃபோஸ் ஆகியவை நல்ல கன்சோல்களைக் கொண்டவை. உள்ளூரில் அவற்றை நன்கறிந்த டீலர் வாய்த்தால் இந்தியப் பதிப்புகளுக்கு இணையாகவே கருதலாம்.

காவலரையே யார் காப்பது

ஆன்டிவைரஸ் கணினியின் ஆழம் வரை செல்லும் உரிமை பெற்ற நிரல். ஆகவே உளவுத் தடுப்பைத் தேர்பவர், அதைத் தயாரிப்பவரின் நடத்தையையும் பார்க்க வேண்டும். அவாஸ்ட் நிறுவனம் தன் பயனர்களின் இணைய உலாவல் விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியே விற்றதாக அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசி குற்றம் சாட்டியது. 2024 பிப்ரவரியில் 1.65 கோடி டாலர் செலுத்தவும், விளம்பரத்துக்காக அத்தகைய விவரங்களை விற்பதை நிறுத்தவும் நேர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், அதே அவாஸ்டின் ஆய்வாளர்கள் மற்றொன்றை வெளியிட்டார்கள்: இந்தியத் தயாரிப்பான ஈஸ்கேனின் அப்டேட்டுகள் மறைகுறியாக்கம் இல்லாத வழியில் வந்ததைப் பயன்படுத்தி, இடையில் புகுந்து குப்டிமைனர் என்ற தீநிரலைச் சிலர் பரப்பியிருந்தார்கள். ஈஸ்கேன் அதை 2023 ஜூலையில் சரிசெய்துவிட்டது. அமெரிக்க வணிகத் துறை காஸ்பர்ஸ்கியின் விற்பனையை 2024 ஜூலை 20 முதலும், அப்டேட்டுகளை செப்டம்பர் 29 முதலும் அங்கே தடைசெய்தது. அமெரிக்க வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் அலுவலகம் இதைப் புறக்கணிக்க முடியாது.

அப்டேட் எந்த வழியில் வருகிறது, கன்சோலின் தரவு எந்த நாட்டில் இருக்கிறது, பதிவுகளை எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள் என்று டீலரிடம் எழுத்தில் கேட்பது தவறில்லை. கடைசிக் கேள்விக்குச் சட்டக் காரணமும் உண்டு. இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் 28ஆம் தேதி உத்தரவு, இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகுந்த பாதுகாப்பு நடவடிக்கை எடுக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. நூற்றுக்கணக்கான பான், ஆதார் நகல்களை வைத்திருப்பவருக்கு இது தூரத்துச் செய்தியாகாது.

தேர்வும் மாற்றமும்

ஐந்து கணினிகளுக்குள் என்றால், இறுக்கிய டிஃபெண்டர், ப்ரோ பதிப்பு, சாதாரணப் பயனர் கணக்குகள். அதற்குமேல் சென்று, மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவும் அக்கன்சோலைக் கையாளத் தெரிந்த சர்வீஸ்காரரும் இருந்தால் டிஃபெண்டர் ஃபார் பிசினஸ். இவ்விரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் கே7 அல்லது செக்ரைட்டின் கிளவுட் பதிப்பு. இரண்டில் எது என்பதை, அழைத்தால் வரும் டீலர் எதை விற்கிறாரோ அதற்கே விட்டுவிடலாம். பெரும்பாலான ஆடிட்டர் அலுவலகங்கள் இந்த மூன்றாம் நிலையிலேயே இருக்கும். எதைத் தேர்ந்தாலும், வாரம் ஒருநாள் கன்சோலைத் திறந்து பார்க்க வேண்டியவர் யார் என்பதைப் பெயர் சொல்லி முடிவுசெய்து, ஏஎம்சி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

சோதனைக்காலப் பதிப்பை இரண்டு கணினிகளில் மட்டும் நிறுவிப் பார்ப்பது முறை. ஒன்று இருப்பதிலேயே பழையது, மற்றொன்று டிஎஸ்சி கையொப்பமிடும் கணினி. ஒரு 20ஆம் தேதியாவது அந்தச் சோதனைக்குள் வரட்டும். வருமான வரித் தாக்கலின் கடைசி நாள்களிலும் மார்ச் மாதத்திலும் மாற்றத்தைத் தொடங்கலாகாது, மார்ச் இறுதியில் டீலர் தரும் தள்ளுபடி எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும். பழைய ஆன்டிவைரஸைக் கண்ட்ரோல் பேனல் வழியே நீக்கினால் பல நேரம் எச்சங்கள் தங்கிவிடும். அந்தந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியை ஓட்டி, கணினியை மறுபடி தொடங்கிய பிறகே புதியதை ஏற்ற வேண்டும். நேரலைப் பாதுகாப்பு தரும் இரண்டு மென்பொருள்கள் ஒரே கணினியில் இருந்தால் ஒன்றையொன்று தடுத்து இரண்டும் பயனற்றுப் போகலாம். வேறு ஆன்டிவைரஸ் பதிவானதும் டிஃபெண்டர் தானே ஒதுங்கிக்கொள்ளும், மற்றவை அவ்வாறு ஒதுங்கும் என்று நம்ப முடியாது. எக்ஸ்க்ளூஷன் பட்டியலைப் பழைய மென்பொருளிலிருந்து அப்படியே நகலெடுக்காமல் வெறுமையாகத் தொடங்கி, டேலி தாமதமானால் அதன் டேட்டா கோப்புறையை மட்டும் சேர்க்க வேண்டும். உலாவிகளில் சேமித்த கடவுச்சொற்களையும் அந்த எக்செல் தாளையும் ஒரு பாஸ்வேர்டு மேனேஜருக்கு மாற்றிவிட்டு, பழைய பிரதிகளை மறுசுழற்சித் தொட்டியிலிருந்தும் அழித்து, வாடிக்கையாளர்களின் தளக் கடவுச்சொற்களைப் புதிய பாதுகாப்பு ஏறிய கணினியிலிருந்து ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கலாம்.